நடுப் பெட்டி

புரட்டாசி 1, புதன்

இன்று முதல் இந்த வீட்டுக்கு ஆகாயத்திலிருந்து இன்டர்நெட் வருகிறது. இந்த மலைக்கு முதல் டிவி ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்திய அதே உலகநாதன்தான் இதையும் இறக்கி வைத்தான் என்று பின்னால் வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். என் அக்கா மகள் சுகந்தி ஆர்டர் போட்டாள், பணம் கட்டினாள், பார்சல் வராமல் போனபோது போனில் சண்டை போட்டாள். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்கிற காரியம். காப்பிக் களத்தில் எந்த இடத்தில் கம்பம் நட வேண்டும் என்று விரல் நீட்டிக் காட்டியது நான். வந்த ஆள் வேறு இடத்தில் நட்டான் என்பது வேறு விஷயம்.

அந்த ஆள் பெயர் ஆரோக்கியராஜ். வத்தலக்குண்டிலிருந்து வந்தான். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் இன்னொரு கறுப்புக் கண்ணாடி. தட்டு மாதிரி ஒரு டிஷ்ஷைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, சோப்புப் பெட்டி அளவில் மூன்று வெள்ளைப் பெட்டிகளை எடுத்தான். ஒன்று கூடத்தில், டிஷ் ஒயர் வந்து சேருகிற இடத்தில். இரண்டாவது, சாப்பாட்டு நடையில் அலமாரிப் பலகை மேல். மூன்றாவது, கடைசியில் அக்கா படுத்திருக்கிற அறையில். சுகந்தி அங்கே உட்கார்ந்துதான் வேலை செய்கிறாள். வெள்ளைக்காரன் காலத்துக் கல்சுவர், ஒரு பெட்டியால் தாண்ட முடியாதாம்.

நடுவில் எதற்கு ஒன்று என்று கேட்டேன். படித்தவன் கேட்டால் பதில் சொல்லும் மரியாதை அவனுக்கு இல்லை. "மாடிக்குச் செங்கல் ஏத்துற மாதிரிண்ணே. கீழ ஒருத்தன் வீச, நடுவுல ஒருத்தன் பிடிச்சு, மேல ஒருத்தன் கையில குடுக்கணும். நடு ஆளு டீ குடிக்கப் போயிட்டான்னா மேல ஒரு கல்லும் போகாது" என்றான்.

செங்கல்லாம். சாட்டிலைட் என்பது எல்லாருடைய தலைக்கும் மேலே இருப்பது. அதற்கு எதற்கு நடு ஆள்? ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதில் நஷ்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான். அந்தக் காலத்தில் மதுரையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருத்தர் என் ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, நீங்கள் இங்கே இருக்க வேண்டியவரே இல்லை என்று சொன்னார்.

புரட்டாசி 2, வியாழன்

லைன் ஓடுகிறது. என்னிடம் யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்: டிஷ்ஷை இன்னும் கொஞ்சம் கிழக்கே திருப்பியிருக்க வேண்டும்.

புரட்டாசி 3, வெள்ளி

இந்த வீட்டு நிலைமையையும் எழுத வேண்டும். ஆடி மாதம் அக்கா களத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பூமயில் என்று பெயர் வைத்தால் மட்டும் போதுமா, நடையில் மயில் வேண்டாமா? திண்டுக்கல்லில் ஆபரேஷன் ஆயிற்று. சுகந்தி சென்னையிலிருந்து ஓடி வந்தாள். வெளிநாட்டில் இன்சூரன்ஸ் கேட்டுப் போன் செய்கிறவர்களிடம் இங்கிலீஷில் பேசுவது அவள் வேலை. இந்த ஒரு மாதம் மலையிலிருந்து பேசிப் பார், லைன் அறுந்து போகாமல் இருந்தால் அங்கேயே இரு, இல்லாவிட்டால் ஆபீசுக்கு வந்து சேர் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவள் போனால் அக்காவும் போக வேண்டும். அக்காவைப் பார்த்துக்கொள்ள நான் ஒருத்தன் போதாதா என்று கேட்டேன். அம்மாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றி சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இன்று வெள்ளி. மஸ்கட்டில் லீவு. என் மகன் திவாகர் அங்கே பெரிய பதவியில் இருக்கிறான். இத்தனை நாளாக இந்த மலையில் சிக்னல் இல்லாததால் அவனால் கூப்பிட முடியவில்லை. சடையன் டீக்கடையில் நான் பல தடவை சொல்லியிருக்கிறேன். இனி அந்தத் தொல்லை இல்லை. ஆனால் என் அறை மாட்டுக் கொட்டகையை ஒட்டி, தனியாக இருக்கிறது. காற்றுக்காக நானே கேட்டு வாங்கிய அறை. அங்கே போனில் ஒரு கோடுகூட வரவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் நடுப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய் என் அறையில் சொருகினேன். உடனே நான்கு கோடு. மூளை இருக்கிறவனுக்கு எல்லாம் சுலபம்.

பின் அறையில் சுகந்தியின் லைன் இரண்டு தடவை அறுந்துவிட்டதாம். மேகம் என்று சொன்னேன். மலையில் மேகம் வராமல் வேறெங்கே வரும்?

திவாகருக்கு இன்று மீட்டிங் இருந்திருக்கும். லீவு நாளில் மீட்டிங் வைக்கிறவர்கள்தான் முன்னேறுகிறார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டேன்.

புரட்டாசி 5, ஞாயிறு

சடையன் கடையில் இன்டர்நெட் பற்றி விளக்கினேன். அது எவ்வளவு உயரத்தில் சுற்றுகிறது, எப்படிக் கீழே இறங்குகிறது, நான் டிஷ்ஷை எந்தக் கோணத்தில் வைத்தேன் எல்லாம். சென்னை இன்ஜினியர் என் ஆன்டெனாவைப் பார்த்துச் சொன்னதையும் சொன்னேன். சடையனுக்குப் பாதி புரியவில்லை. புரியாதவன் புரியாதவனாகவே இருந்தால் பரவாயில்லை. டீ ஆற்றிக்கொண்டே, "அப்ப திவாகர் தம்பி தெனம் பேசுமே" என்றான். வெள்ளிக்கிழமைதோறும் பேசுவான் என்றேன்.

அடுப்படிக் குழாயில் ஒழுகல். வாஷர் மாற்றினேன். இப்போது வேறு பக்கம் ஒழுகுகிறது.

புரட்டாசி 7, செவ்வாய்

அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையிலிருந்து ஜன்னல் வரை நடந்தாள். ஜன்னலில் பார்த்தால் கொல்லைக் கதவுக்கு அப்பால் காப்பிச் செடிகளின் உச்சி மட்டும் தெரியும். பழம் சிவக்க ஆரம்பித்திருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். முக்கால்வாசி சிவந்துவிட்டது என்றேன். (பச்சையாகத்தான் இருக்கிறது. நோயாளிக்கு உற்சாகம் கொடுக்க வேண்டும்.)

"அப்ப சீக்கிரம் நடந்துரணும்டா. பறிக்கிறதுக்குள்ள செடிகிட்ட போய் நின்னுரணும். மெட்ராசுல மூணாவது மாடியில கொண்டுபோய் வெச்சா நான் எதைப் பார்த்து நடப்பேன்?" என்றாள். அவளுக்கு எப்போதும் இப்படித்தான். ஊரில் எத்தனையோ பேர் மூன்றாவது மாடியில் இல்லையா?

சுகந்தி அந்த நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவியைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே ஒரு கையால் அம்மாவின் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தாள். நான் கதவைத் திறந்து வைத்து உதவினேன்.

புரட்டாசி 10, வெள்ளி

மத்தியானம் என் அறையில் கொஞ்சம் வேலை இருந்தது. அதே நேரத்தில் சுகந்தியின் லைன் மறுபடி போய்ப் போய் வந்ததாம். ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டாள். அவன் முதல் கேள்வியாக நடுப் பெட்டி அதன் இடத்தில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறான். வந்து பார்த்தாள். இருந்தது. நான் அதற்குள் வைத்துவிட்டேன். பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிளக்கைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தாள். ஆரோக்கியராஜ் மாட்டிய கம்பி சரியில்லை என்று நானே சொன்னேன். இரண்டு கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் எப்படித் தெரியும்?

சாயங்காலம் அவள் ஆபீசிலிருந்து பெரிய ஆள் கூப்பிட்டார். வருகிற புதன்கிழமை மத்தியானம் வெளிநாட்டுக்காரர்களும் சேர்ந்து அவள் வேலையைக் கேட்கப் போகிறார்களாம். அன்றைக்கும் அறுந்தால் இரண்டு வாரத்துக்குள் சென்னையில் இருக்க வேண்டும். புதன்கிழமை ஆயுத பூஜை. அதுகூடத் தெரியாதவர்களிடம் வேலை பார்க்கிறாள்.

திவாகர் கூப்பிடவில்லை. புது நம்பர் மாற்றியிருப்பான். போன பொங்கலுக்குப் பேசியபோதே மாற்றப் போகிறேன் என்றான். போன பொங்கல் என்றால் அதற்கு முந்தையது.

புரட்டாசி 12, ஞாயிறு

கேஸ் தீர்ந்துவிட்டது. விறகு அடுப்பில் சுகந்தி சமைத்தாள். புகை வராத விதமாக விறகை எப்படி அடுக்குவது என்று நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தேன்.

புரட்டாசி 14, செவ்வாய்

நாளைக்குப் பூஜை. கவாத்துக் கத்தி, அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி, மருந்தடிக்கிற மெஷின் எல்லாவற்றையும் கழுவி எண்ணெய் தேய்த்தேன். இரண்டு வாழைக் கன்று, நல்ல அகல இலையாகப் பார்த்து வெட்டி வந்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது சுகந்தி என் இலையில் இன்னொரு தோசை போட்டுவிட்டு, "மாமா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் பெட்டி, ஒயர், டிஷ் எதையும் கழட்ட வேணாம். கும்புட்டுக் கேக்குறேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. டில்லியிலிருந்து வந்த இன்ஜினியரே என்னிடம் யோசனை கேட்டுவிட்டுப் போனவர். சரி என்றேன்.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன். பின்னால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

காலையில் தூறல். பத்து மணிக்குக் கூடத்தில் பலகை போட்டு, அடுப்படிக் கத்தி வரைக்கும் எல்லா ஆயுதங்களையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டேன். பொரி, கடலை, வாழைப்பழம், எல்லாம் முறைப்படி. சுகந்தி மூன்று மணிக்கே பின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். கேமராவில் கழுத்துவரைதான் தெரியுமாம். எதற்குப் புடவை என்று கேட்டேன், அக்கா என்னை முறைத்தாள்.

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. மண்வெட்டிக்குச் சந்தனம் வைத்தாயிற்று, துருப்பிடித்த கடப்பாரைக்கு வைத்தாயிற்று. இன்றைக்கு இந்த வீட்டில் சோறு போடுகிற ஆயுதம் எது? களத்தில் நிற்கிற அந்த டிஷ்தானே. அதை விட்டுவிட்டு மற்றதற்குப் பூஜை போட்டால் சரஸ்வதி என்ன நினைப்பாள்? அதுவும் இன்றைக்குப் பார்த்து. இந்த யோசனை படித்த சுகந்திக்கு வரவில்லை, எனக்கு வந்தது.

கழட்டக் கூடாது என்றுதானே சொன்னாள். டிஷ்ஷை நான் கழட்டவில்லை. நெற்றி மாதிரி நடுவில் மூன்று விரலால் சந்தனப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, கம்பத்தின் இரண்டு பக்கமும் வாழைக் கன்றை நிறுத்தி, நாரால் இறுக்கிக் கட்டினேன். மழையில் நனைந்த இலைகள் மேலே வளைந்து டிஷ்ஷுக்குப் பந்தல் போட்ட மாதிரி கவிந்து நின்றன. கல்யாண மண்டபம் தோற்றுப் போகும். அப்புறம் பெட்டிகள். கூடத்துப் பெட்டியை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும், அந்த அளவுக்கு எனக்கும் விவரம் உண்டு. கடைசிப் பெட்டி சுகந்தியின் அறைக்குள் இருக்கிறது. ஆக, பூஜைக்கு வரக்கூடியது நடுப் பெட்டி ஒன்றுதான். ஐந்து நிமிஷம் பலகையில் உட்கார வைத்து, சூடம் காட்டிவிட்டுத் திருப்பிச் சொருகலாம் என்று எடுத்தேன்.

சூடத்தைப் பற்ற வைக்கும்போது பின் அறையில் சுகந்தி ஹலோ ஹலோ என்றாள். அப்புறம் கதவு திறந்தது.

அவள் பலகையைப் பார்த்தாள். அரிவாளுக்கும் மருந்தடிக்கிற மெஷினுக்கும் நடுவே, தலையில் பூவோடு உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு ஓடி நடையில் சொருகினாள். பெட்டியில் விளக்கு எரிந்தது, லைன் வரவில்லை. வாசலுக்கு ஓடிக் களத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து அரிவாளை எடுக்கக் கை நீட்டினாள்.

நான் குறுக்கே நின்றேன். நிற்காமல் என்ன செய்ய? பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலையில் கும்பிட்டு எடுக்கிறவரைக்கும் யாரும் தொடக் கூடாது. இந்த வீட்டில் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். "நாளைக்கு எடுத்துக்கத்தா" என்றேன்.

சுகந்தி களத்துக்கு ஓடினாள். வாழை நாரை நகத்தால் பிய்த்துப் பார்த்தாள், வரவில்லை. பல்லால் கடித்தாள். நல்ல முடிச்சு. நான் போட்ட முடிச்சு அப்படி லேசில் அவிழாது. கடைசியில் இரண்டு கன்றையும் அடியோடு கட்டிப்பிடித்து இழுத்து முறித்துச் சாய்த்தாள். முந்தானையால் டிஷ்ஷைத் துடைத்தாள். நல்ல புடவை.

அந்த நேரத்தில் கூடத்து நிலைப்படியில் சத்தம் கேட்டுத் திரும்பினால், அக்கா நிற்கிறாள். வாக்கரோடு பின் அறையிலிருந்து தனியாகக் கூடம் வரை வந்திருக்கிறாள். ஜன்னலைத் தாண்டாதவள். அதை யாரும் கவனிக்கவே இல்லை. "அந்த அருவாளை எடுத்துக் குடுடா. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றாள். அதற்குள் வாழை விழுந்துவிட்டது.

லைன் வந்தது. ஆனால் அந்தப் பக்கம் எல்லோரும் எழுந்து போய்விட்டார்களாம். பத்து நிமிஷம் உட்காரப் பொறுமை இல்லாதவர்களுக்கு எதற்கு இன்சூரன்ஸ்?

பொரி கடலையை நான் ஒருத்தனே சாப்பிட்டேன்.

புரட்டாசி 16, வியாழன்

காலையில் ஆயுதங்களை முறைப்படி எடுத்தேன். அரிவாள் பளபளவென்று இருந்தது. பத்து மணிக்குச் சுகந்திக்கு ஆபீசிலிருந்து போன். லைன் அப்போது கண்ணாடி மாதிரி இருந்தது. அவர்கள் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கும்.

புரட்டாசி 17, வெள்ளி

மத்தியானம் என் அறையில் படுத்திருந்தேன். சுகந்தி காப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் இந்த அறைக்கு வருவது அபூர்வம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, என் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தாள். எந்தப் பெட்டி எங்கே சொருகியிருக்கிறது, யார் போன் எதைப் பிடித்திருக்கிறது எல்லாம் அவள் போனில் தெரியுமாம்.

"வெள்ளிக்கிழம பெட்டி எங்க போகுதுன்னு எனக்குப் போன வாரமே தெரியும் மாமா. திவாகர் அத்தான் கூப்புடுவாருன்னுதான் ஒண்ணும் சொல்லல. நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா இந்த ரூமுக்கும் ஒண்ணு வாங்கி வெச்சிருப்பேன்ல?"

என்னிடம் ஒரு பெட்டி வாங்க வக்கில்லாத மாதிரி பேச்சு. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் டம்ளரைக் கட்டிலடியில் வைத்துவிட்டுப் போனாள். காப்பியில் சர்க்கரை சரியாக இருந்தது. அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

புரட்டாசி 20, திங்கள்

அக்கா தன் புடவைகளை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, எடுத்து வைத்ததையெல்லாம் திருப்பி வைக்கச் சொல்கிறாள். மனசு ஒரு நிலையில் இல்லாதவர்களோடு வேலை செய்வது கஷ்டம். பழம் நிஜமாகவே சிவக்க ஆரம்பித்துவிட்டது. இப்போது சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

புரட்டாசி 24, வெள்ளி

நடுப் பெட்டி நடுவிலேயே இருந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

புரட்டாசி 26, ஞாயிறு

அக்காவையும் சுகந்தியையும் ஜீப்பில் ஏற்றி அனுப்பியாயிற்று. மெத்தையை எப்படிப் போட வேண்டும், வளைவுகளில் எந்த கியரில் இறங்க வேண்டும் என்று டிரைவருக்குச் சொன்னேன். இருபது வருஷமாக ஓட்டுகிறானாம். ஓட்டினால் போதுமா?

அக்கா களத்தில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, செடி வரைக்கும் நடக்கிறேன் என்றாள். டாக்டர் மேடு பள்ளத்தில் நடக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாராம். சுகந்தி வேண்டாம் என்றாள். அக்கா வற்புறுத்தவில்லை. ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் சட்டைக் காலரைச் சரி செய்தாள். ஐம்பத்தெட்டு வயது ஆளுக்கு.

"கொட்டகை ரூம்ல கெடக்காத. உள்ள வந்து என் ரூம்ல படு. வேளைக்குச் சாப்புடு" என்றாள். பூஜை பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

சுகந்தி பெட்டிகளை எடுத்துப் போகவில்லை. வருஷக் கட்டணம் முன்னாலேயே கட்டியிருக்கிறாளாம். கிளம்புவதற்கு முன்னால் அவளே நடுப் பெட்டியை என் அறையில் சொருகி, போனில் நான்கு கோடு வருகிறதா என்று பார்த்து, என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

புரட்டாசி 29, புதன்

சடையன் கடையில் இந்த மலையிலேயே நல்ல லைன் என் வீட்டில்தான் என்று சொன்னேன். உண்மை. அறுப்பதற்கு ஆள் இல்லை, பேசுவதற்கும் ஆள் இல்லை, லைனுக்கு என்ன கேடு? திவாகர் பற்றி ஒருவன் கேட்டான். அவன் பேச்சை எடுத்தால் சடையன் டீ விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறான். மரியாதை தெரியாத கூட்டம்.

குழாய் ஒழுகல் தானாக நின்றுவிட்டது.

புரட்டாசி 31, வெள்ளி

சாயங்காலம் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன், போன் தற்செயலாகக் கையில் இருந்தது. அக்கா. வீடியோவில் பாதி நெற்றியும் ஒரு காதும் தெரிந்தது. பிடிக்கத் தெரியவில்லை. சுகந்தி பக்கத்திலிருந்து திருப்பிக் கொடுத்தாள். இருவரும் சாப்பிட்டார்களாம். நானும் சாப்பிட்டேன் என்றேன். ஜன்னலைக் காட்டினாள். எதிர் வீட்டுச் சுவர், அதில் ஒரு குழாய்.

"நடக்கச் சொல்லி இவ உசுர எடுக்குறா. செவுத்தப் பாத்து எப்புடிடா நடக்குறது? செடியைக் கொஞ்சம் காட்டு" என்றாள்.

போனைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தேன். கொல்லைக் கதவைத் தாண்டியதும் அக்கா முகம் உறைந்து நின்றுவிட்டது, வாய் திறந்தபடி. ஆரோக்கியராஜுக்குச் சொல்லி அனுப்பினால் அவன் வந்து சேர இரண்டு நாள் ஆகும், வந்து செங்கல் கதை சொல்லுவான். நான் என் அறைக்குப் போய்ப் பெட்டியைக் கழற்றி வந்து, கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக்கில் சொருகினேன். ஒரு நிமிஷ வேலை. கோடு செடி வரைக்கும் வந்தது. முன்னாலேயே அதற்கான இடம் அதுதான், இந்த வீட்டில் யார் என்னைக் கேட்டார்கள்?

ஒவ்வொரு கொத்தாகக் காட்டினேன். அந்தப் பக்கம் வாக்கர் தரையில் இடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு அடி. இன்னொரு அடி. இன்னும் கிட்டக் காட்டு, இன்னும் கிட்ட என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கை வலிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெட்டி அங்கேயே இருக்கட்டும். என் அறைச் சுவர் எப்படியும் சரியில்லை.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பதே மேலே தேதி போடும்போதுதான் ஞாபகம் வந்தது.